ஏன் நிறுத்தினீர்கள்?

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் ஒரு செய்தி நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. தாயும் மகளும் ஒரே ஆண்டில் தேர்வெழுதி ஒன்றாகத் தேறியிருப்பார்கள். ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டும் படம் இருக்கும். ‘படிப்புக்கு வயது தடையில்லை’ என்று தலைப்பு இருக்கும். தெலுங்கு நாளிதழ்களிலும் இதே படம், ஏறத்தாழ இதே தலைப்பு. முன்பு நானும் இத்தகைய செய்திகளை மகிழ்ச்சியோடு பகிர்ந்திருக்கிறேன். இப்போது பகிர்வதில்லை. அந்தத் தாய்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை; அந்தத் தலைப்பின்மீதுதான் குறை. தடையாக நின்றது வயது, அதை அவர் மனவுறுதியால் வென்றார் என்று சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடுகிறது. கல்லூரிக்குத் திரும்ப முயன்ற பெண்கள் சிலரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுள் ஒருவரைக்கூட வயது தடுத்ததாக நினைவில்லை. தடுத்தவை வேறு, அவற்றுள் பெரும்பாலானவை தாளில் அச்சிடப்பட்டவை.

எனக்கு வீடு சித்தூரில், ஆய்வு திருப்பதியில். எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர் சென்ற சேர்க்கைக் காலத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டப்படிப்பில் சேர்வதற்கான இணைய விண்ணப்பத்தை நிரப்பித் தரவேண்டும் என்றார். வயது 38. வேலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது சித்தூருக்கு மணமாகி வந்தவர். கணவருக்கு வெல்லமண்டியில் கணக்கெழுதும் வேலை. மூத்த மகன் இண்டர் படிக்கிறான், இளையவள் ஏழாம் வகுப்பு. “இவளும் தனியா ஸ்கூலுக்குப் போய் வர ஆரம்பிச்சுட்டாம்மா. இனிமே காலைல பத்துல இருந்து நாலு மணி வரைக்கும் எனக்கு என்ன வேலை?” என்று கேட்டார். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கல்லூரி. அதில் சேர்ந்து படித்துப் பட்டம் வாங்கி, முடிந்தால் பி.எட். முடித்து, ஆசிரியராக வேண்டும் என்பது அவர் எண்ணம். எளிய எண்ணம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டோம். அந்தக் கட்டம் கேட்டது பெயர்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரின் முதலெழுத்து இருந்தது. குடும்ப அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து. ஆதாரிலோ பெயருக்கு முன்னால் கணவர் வீட்டாரின் ‘இண்டிப் பேரு’ முழுமையாக ஏறியிருந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தெலுங்கு வழக்கில் ஒருவரின் பெயருக்கு முன்னால் வருவது தந்தையின் பெயரன்று, குடும்பத்தின் பெயர். மணமான பெண் கணவரின் குடும்பப் பெயரைப் பெறுகிறாள். சித்தூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அரசு ஆவணங்களின் வழியே இவ்வழக்கத்துக்குள் வந்துவிட்டன. ஆக, ஒரே பெண்ணுக்கு மூன்று தாள்களில் மூன்று பெயர். பெயரியல் படிப்பவர்களுக்கு இது சுவையான செய்தி. விண்ணப்பிப்பவருக்கோ நோட்டரியிடம் வாங்க வேண்டிய உறுதிமொழிப் பத்திரம், வார்டு சச்சிவாலயத்தில் இரண்டு நடை, ‘மூன்று பெயரும் ஒருவரே’ என்று ஒருவர் கையெழுத்திட வேண்டிய சான்று. அவர் கணவருக்கு இந்தத் தொல்லை ஒருநாளும் நேர்ந்ததில்லை. பிறந்த நாள் முதல் அவர் எல்லாத் தாள்களிலும் ஒரே ஆள்.

அடுத்து ‘டி.சி.’ எனப்படும் மாற்றுச் சான்றிதழ். அது பழைய கல்லூரியில் இருக்கிறது. கல்லூரியை விட்டு நின்றபோது எஞ்சிய கட்டணம் கட்டாததால் பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து வைத்துக்கொண்டார்களாம். அசல் சான்றிதழ்களை எந்த உயர்கல்வி நிறுவனமும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துவிட்டது. அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பு நின்றுபோனவரின் சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அந்த அறிவிப்பு சொல்லவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கடந்து, ‘படிப்பில் இடைவெளி இருப்பின் அதற்கான காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்தோம். ஆங்கிலத்தில் இருந்த கேள்வியை நான் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன்: “ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்கிறாங்க, அக்கா.”

அவர் சற்று வியப்புடன் என்னைப் பார்த்தார். “நான் எங்கம்மா நிறுத்தினேன்? நிறுத்திட்டாங்க.”

மொழியியல் படித்தவளின் காதில் இத்தகைய சொற்றொடர்கள் தங்கிவிடும். என் ஆய்வு எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் குடும்பங்களின் பேச்சைப் பற்றியது. பெண்கல்வி என் தலைப்பன்று. ஆனாலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் பெண்களோடு பேசும்போது ‘எதுவரை படித்தீர்கள்’ என்று கேட்டாக வேண்டும். அந்த விடைகளின் வினைச்சொற்களைப் பின்னர் எழுத்தில் பெயர்த்தபோதுதான் கவனித்தேன். ‘படிப்பு நின்னுபோச்சு’ என்பார்கள். படிப்பு தானாக நின்றதுபோல. அல்லது ‘நிறுத்திட்டாங்க’ என்பார்கள். யார் என்று எழுவாய் வராது. தெலுங்கில் பேசுபவர்கள் ‘சதுவு மான்பிஞ்சாரு’ என்பார்கள். ‘மானு’ என்றால் விடுதல், ‘மான்பிஞ்சு’ என்றால் விடச் செய்தல்; பிறவினை அந்தச் சொல்லிலேயே வெளிப்படையாக இருக்கிறது. ‘நான் நிறுத்தினேன்’ என்ற தன்மை வினை என் பதிவுகளில் ஓரிடத்திலும் இல்லை. நூறு பேரைக் கேட்டு எண்ணி எடுத்த முடிவன்று இது. என் குறிப்பேடுகளில் உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பெண்கள் ஒருவரும் கூறாத ஒரு வாக்கியத்தை விண்ணப்பப் படிவம் அவர்கள் வாயில் வைக்கிறது. நீ நிறுத்தினாய், இப்போது காரணம் சொல்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 29.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். நாடு முழுமைக்குமான அளவு 23.3. இவர்களுக்கு அப்பால், சட்டப்படியான வயதில், ஆனால் பட்டம் முடிவதற்கு முன் மணம் செய்துவைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெரு அக்கா இந்த இரண்டாம் வகை. அவர்களை யாரும் குழந்தைத் திருமணக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் கல்லூரிக் கணக்கில் ‘இடைநின்றவர்கள்’.

இடைநின்றவர் திரும்புவதற்கு இப்போது புதிய வாயில்கள் திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். 2020 தேசியக் கல்விக்கொள்கை ஓராண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தால் பட்டயம் என்று இடையில் வெளியேறவும் மீண்டும் நுழையவும் வழி வகுத்தது. படித்த அளவுக்கான கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021-இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்தது. நல்ல எண்ணந்தான். அதன் விதியைப் படித்துப் பாருங்கள்: சேமித்த கிரெடிட்டுகளுக்கு ஏழாண்டுவரைதான் ஆயுள். முதலாண்டோடு வெளியேறியவர் மூன்றாண்டுகளுக்குள் திரும்ப வேண்டும். மொத்தப் படிப்பையும் ஏழாண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். 19 வயதில் மணமாகி, 20-இல் முதல் குழந்தை, 23-இல் இரண்டாவது குழந்தை என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டாவது குழந்தை பள்ளியில் உட்காரும்போது அவளுக்கு 28 அல்லது 29. மூன்றாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஏழாண்டு முடிந்தும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்காகவோ தொழில் தொடங்கவோ ஓராண்டு விலகிச் செல்லும் இளைஞனை மனத்தில் வைத்து வரையப்பட்ட கதவு அது. பிள்ளை வளர்ப்பின் நாள்காட்டியை எடுத்து ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

2021-க்கு முன் நின்றவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை. ஆந்திரத்துப் பட்டப்படிப்புகள் 2015–16 முதல் பருவமுறைக்கு மாறிவிட்டன. ஆண்டுத் தேர்வுக் காலத்தில் எழுதி முடித்த தாள்கள் புதிய பாடத்திட்டத்தில் எதற்கும் பொருந்துவதில்லை. 2021–22 முதல் பட்ட வகுப்புகள் ஆங்கிலவழி மட்டுமே என்று மாநில அரசு முடிவுசெய்தது. 2008-இல் தெலுங்கில் வரலாறு படித்து நின்ற பெண் திரும்பி வரும்போது அதே வரலாறு ஆங்கிலத்தில் காத்திருக்கிறது. எங்கள் அக்கா போன்றவர்களுக்கு நிலைமை இன்னும் ஒரு படி சிக்கல். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சான்றிதழில் தமிழ்வழி, வகுப்பில் ஆங்கிலம், ஆங்கிலம் புரியாதபோது ஆசிரியர் விளக்கும் மொழி மீண்டும் தெலுங்கு. அவருக்குத் தெலுங்கு பேச வரும். பதினெட்டு ஆண்டுகளாகச் சந்தையில் பேசும் தெலுங்கு. எழுத்து வராது. இதைக் ‘கற்றல் குறைபாடு’ என்று ஒரு கல்லூரியில் பொறுப்பிலிருப்பவர் என்னிடமே சொன்னார். நான்கு மொழிச்சூழலுக்கிடையே நாள்தோறும் மாறி மாறிப் புழங்குபவரின் குறைபாடு!

‘உள்ளூர்க்காரர்’ என்ற சொல்லும் அவ்வளவு எளிதன்று. மணமாகித் திருப்பதிக்கு வந்த இன்னொரு தோழியின் நிலையைச் சொல்கிறேன். திருத்தணிப் பக்கம் பிறந்து தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவர். திருத்தணி 1960 ஏப்ரல்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பது வேறு கதை. அரசியலமைப்பின் 371-டி பிரிவின்கீழ் 1974-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, ஆந்திரத்தின் மாநிலக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 85 விழுக்காடு இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கு. ஒருவர் உள்ளூர்க்காரரா என்பதைத் தகுதித்தேர்வுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளை வைத்து முடிவு செய்கிறார்கள். இவருடைய தகுதித்தேர்வு பட்டத்தேர்வு. அது தமிழ்நாட்டில் நடந்துவிட்டது. எனவே திருப்பதியில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், வாக்களித்தாலும், வரி கட்டினாலும், அந்த முதுகலைச் சேர்க்கைக்கு அவர் உள்ளூர்க்காரர் ஆகவே முடியாது. எஞ்சிய 15 விழுக்காட்டில் போட்டியிடலாம். அதற்கும் மாநிலத்தில் மொத்தம் பத்தாண்டு வசித்திருக்க வேண்டும்; அல்லது கணவர் அரசு ஊழியராகவோ பொதுத்துறை ஊழியராகவோ இருக்க வேண்டும். கணவர் அரசு வேலையில் இருந்தால் மணமான மறு ஆண்டே விண்ணப்பிக்கலாம். கடை வைத்திருந்தால் பத்தாண்டு பொறுக்க வேண்டும். பின்தங்கிய பகுதி மாணவர்களைக் காப்பதற்காக வந்த ஆணை அது. அதன் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் மணத்தின்பொருட்டு எல்லை தாண்டுபவர்கள் இந்நாட்டில் பெரும்பாலும் பெண்களே என்ற எளிய உண்மை அதை வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

‘தொலைநிலைக் கல்வி இருக்கிறதே’ என்று உடனே கேட்பார்கள். இருக்கிறது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த மாநிலத்தில்தான் 1982-இல் தொடங்கியது. இன்று அது அம்பேத்கர் பெயரில் இயங்குகிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் நுழைவுத்தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று அது அன்று வைத்த விதி, சமையலறையிலிருந்து எத்தனையோ பெண்களை வெளியே கொண்டுவந்தது. 2014-இல் மாநிலம் பிரிந்தபோது அப்பல்கலைக்கழகம் ஐதராபாத்தில், தெலங்கானா பக்கத்தில் நின்றுவிட்டது. பின்னர் தொலைநிலைப் படிப்பு நடத்தும் நிறுவனங்களுக்கு நாக் மதிப்பெண் வரம்பு வந்தது. பல பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்புகள் அதனால் நின்றன. போலிப் படிப்புகளைக் களைய அது தேவையாகவும் இருந்திருக்கலாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையம் வைக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆகவே தமிழ்வழியில் படிக்க வாய்ப்பளிக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சித்தூரில் மையம் திறக்க முடியாது. வேலூருக்குப் போகலாம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான், திருப்பதியைவிட அருகில். ஆனால் 2025 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய ‘ஸ்த்ரீ சக்தி’ இலவசப் பேருந்துப் பயணம் மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக்குக் காசில்லாமல் போகலாம், பக்கத்து வேலூருக்குக் காசு கொடுத்துப் போக வேண்டும். அந்த இலவசப் பயணத்தைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. காலைப் பேருந்தில் பூதலப்பட்டிலும் பாகாலாவிலும் புத்தகப் பையோடு ஏறும் நடுவயதுப் பெண்களை அண்மைக் காலத்தில்தான் நான் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய்க்கும் மேலான மாதச் செலவு நின்றால் வீட்டில் ஒரு வாதம் குறைகிறது. ஆதாரில் இன்னும் பிறந்தவீட்டுத் தமிழ்நாட்டு முகவரியே இருப்பவர்களுக்கு அந்தப் பயணச்சீட்டும் இல்லை.

இந்த இடத்தில் துர்காபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். துர்காபாய் தேஷ்முக்கை அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவே பலரும் அறிவார்கள். படிப்பை விட்டுப் பின்னர் திரும்பி வந்த பெண் அவர் என்பது பாடநூல்களில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. 1909-இல் ராஜமுந்திரியில் பிறந்து, எட்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டு, அந்த மணத்திலிருந்து விலகி, பள்ளியைத் துறந்து, உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் சிறை சென்றவர். விடுதலைக்குப் பின்னர்தான் பனாரசின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தாமாகப் படித்து எழுதினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேர முயன்றபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்ற காரணம் குறுக்கே வந்தது. அப்போது துணைவேந்தர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. எங்கள் சித்தூரின் கட்டமஞ்சியில் பிறந்த சி.ஆர். ரெட்டிதான் அவர். துர்காபாய் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. படிக்க விரும்பும் பெண்கள் உண்டா என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்து, வந்த சிலரோடு சேர்ந்து தாங்களே ஒரு விடுதியை அமைத்துக்கொண்டார். 1939-இல் பட்டம், 1942-இல் சென்னையில் சட்டம். அதற்கு முன்பே 1937-இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆந்திர மகிள சபாவின் தொடக்கப் பணிகளுள் ஒன்று, படிப்பு விட்டுப்போன பெண்களை அதே பனாரஸ் தேர்வுக்குத் தயார்செய்வது. பின்னர் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானபோது, அந்த அனுபவத்தையே 1958-இல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் படிப்புத் திட்டமாக மாற்றினார். பல ஆண்டுப் பள்ளிப் படிப்பை இரண்டாண்டில் முடித்துத் தேர்வெழுத வைக்கும் திட்டம்.

அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முப்பது வயதுப் பெண்ணைப் பத்து வயதுச் சிறுமியின் வரிசையில் கடைசியில் நிறுத்தாமல், அவளுக்கென்று படிப்பின் கால அளவையே மாற்றினார்கள். பள்ளிப் படிப்புக்கு 1958-இல் செய்ய முடிந்ததைக் கல்லூரிப் படிப்புக்கு இன்றுவரை நாம் செய்யவில்லை.

அது ஏன் என்று யோசித்திருக்கிறேன். பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்க வகுப்புகளில் எழுத்துக் கற்ற தூபகுண்டா பெண்கள் பாடத்தில் வந்த ஒரு கதையைப் படித்துவிட்டுச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். தீ மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அந்தப் பெண்களின் எழுத்தறிவை இன்றும் எல்லோரும் புகழ்கிறோம். வயதுவந்த பெண் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டால் அது இயக்கம். அதே பெண் பி.ஏ. படிக்க வந்தால் அது பொழுதுபோக்கு என்று பார்க்கப்படுகிறது. எழுத்தறிவால் பயன் குடும்பத்துக்கும் ஊருக்கும். பட்டத்தால் பயன் அவளுக்கு மட்டும் என்ற கணக்கு இதற்குள் ஓடுகிறது போலும்.

திருப்பதியைப் பார்ப்போம். பெண்கல்விக்கு இவ்வளவு நிறுவனங்கள் ஒரே இடத்தில் அமைந்த ஊர்கள் தென்னிந்தியாவில் மிகச் சிலவே. தேவஸ்தானத்தின் பத்மாவதி மகளிர் கல்லூரி 1952-இல் தொடங்கியது. வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954. மகளிருக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997. மலையடிவாரத்துச் சாலைகளில் காலை நேரத்தில் நடந்தால் மாணவியர் கூட்டம் கூட்டமாகச் செல்வது காணக் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் தாலியும் நரைமுடியும் உள்ள மாணவி ஒருவரைக் கண்டால் நம்மில் எத்தனை பேர் ‘பேராசிரியர்’ என்று நினைத்துக்கொள்கிறோம்?

குழந்தை உள்ள மாணவிக்கு விடுதி கிடையாது என்பது ஒரு நிறுவனத்தின் விதி மட்டுமன்று. விடுதி என்றாலே மணமாகாதவர்களுக்கு என்பது எங்கும் உள்ள எழுதாத இலக்கணம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம். பேராசிரியையும் அலுவலக உதவியாளரும் பணியாளர்கள், அவர்கள் எண்ணப்படுவார்கள். மாணவி பணியாளர் அல்லள். ஒரு வளாகத்தில் ஆயிரம் தாய்மார்கள் படித்தாலும் சட்டத்தின் கணக்கில் சுழி. ஆய்வாளர்களாகிய எங்களுக்கு ஓரளவு நல்வாய்ப்பு உண்டு: 2022-ஆம் ஆண்டு முனைவர்பட்ட ஒழுங்குமுறை 240 நாள்வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், முடிப்பதற்கு இரண்டாண்டு கூடுதல் காலமும் பெண்களுக்குத் தருகிறது. இளங்கலை, முதுகலை மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவுத் தளர்வும் தரும் விதிகளை வகுக்கும்படி 2021 டிசம்பரில் மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. கடிதத்துக்கும் விதிக்கும் இடையிலான தொலைவை அளக்க நான் தகுதியுடையவள் அல்லள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வராத நாள் 75 விழுக்காட்டுக் கணக்கில் வராத நாளாகவே விழுவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எல்லாத் தடையும் விதிகளில்தான் இருக்கின்றன என்று சொன்னால் என் பங்கு மறைந்துவிடும். முன்பு ஒரு பருவம் பகுதிநேரமாகப் பட்ட வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். வகுப்பில் நாற்பது வயதை நெருங்கிய மாணவி ஒருவர். மற்றவர்களை ‘நீ’ என்று ஒருமையில் கேள்வி கேட்பேன். அவரிடம் மட்டும் ‘நீங்க’ என்பேன். வேறு எப்படிச் சொல்வது? தமிழில் வினைமுற்றுக்கூட மரியாதையைக் காட்டாமல் முடியாதே. மாதம் ஒன்று சென்றபின் அவர் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: “மேடம், என்னையும் ‘நீ’ன்னே சொல்லுங்க. ‘நீங்க’ன்னா எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க.” எனக்கு வாய் வரவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை எப்படி? மறுநாள் முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அனைவரையும் ‘நீங்க’ என்று அழைக்கத் தொடங்கினேன். முதல் வாரம் அவர்கள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. மதிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மாதம் அவரைத் தனியே உட்கார வைத்திருந்திருக்கிறேன்.

‘இவர்களுக்கு இடம் கொடுத்தால் இளையவர்களுக்கு இடம் குறையுமே’ என்று வாதிடுபவர்களும் உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வேண்டுமானால் அந்த வாதம் பொருந்தும். அரசுக் கல்லூரிகளின் கலைப் படிப்புகளில் பெஞ்சுகள் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும். ‘நாற்பதில் பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறார்கள்’ என்ற கேள்விக்கு விடை சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருபதில் வாங்குபவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவுமன்று. பிறந்தவீட்டுப் பெயரில் உள்ள சான்றிதழையும் திருமணப் பதிவுச் சான்றையும் சேர்த்துக் காட்டினால் போதும், நோட்டரி வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை வரட்டும். மணத்தால் குடிபெயர்ந்த பெண்ணுக்கு அவள் வாழும் இடமே உள்ளூர் என்று ஒரு திருத்தம் செய்யலாம். ஏழாண்டு வரம்பிலிருந்து பிள்ளை வளர்த்த ஆண்டுகளைக் கழித்துக் கணக்கிடலாம். மகளிருக்கென்றே பல்கலைக்கழகம் உள்ள ஊரில் பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் ஒரு வகுப்புப் பிரிவும், எல்லையோரத்துத் தமிழ்வழி மாணவியருக்கு முதல் பருவத்தில் ஒரு மொழிப் பாலப் பாடமும் தொடங்க முடியாதா? பாலப் பாடத்துக்கு ஆள் இல்லை என்றால் நான் ஊதியமின்றி எடுக்கிறேன். வெறும் பேச்சாக இதைச் சொல்லவில்லை.

அக்காவின் விண்ணப்பத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேசினோம். ‘திருமணம்’ என்று எழுதலாம் என்றேன். “கல்யாணம் என்ன பண்ணுச்சு? கல்யாணத்துக்கு அப்புறமும் ஒரு வருஷம்தானே பாக்கி இருந்துச்சு” என்றார். ‘குடும்பச் சூழல்’ என்றேன். அதற்கும் தலையசைத்தார். கடைசியில் ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையில் எழுதினேன்: படிப்பு நிறுத்தப்பட்டது.

“யார் நிறுத்தினதுன்னு கேப்பாங்களா?”

“கேட்கமாட்டாங்க அக்கா.”

“அப்ப சரி. போட்டுடு.”

அடுத்த திங்களன்று அவர் டி.சி. வாங்க வேலூர்ப் பேருந்தில் ஏறினார். பழைய பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள் அதற்கு மறுநாள்.